மூலைக் கதிரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து நின்று கேட்டதும் அல்ல. கதிரை போட்டு, இருக்கச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கேட்கவைத்தார்கள். வெளியே சொல்லமாட்டேன் என்றுதான் அந்தக் கையெழுத்து. நான் சொன்னேன்.

ஆறு தரம் தொடங்கிப் பார்த்தேன். ஒன்று இப்படி இருந்தது: 'மொன்ட்ரியாலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை—' வெட்டிவிட்டேன். செய்த பிழைக்கு மேலே பனியைக் கொட்டி மூடுவது எனக்குப் பழகின வேலை. இன்னொன்று: 'மனித மனம் என்பது—' அதையும் வெட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு மனித மனம் என்னவென்று யார் சொல்லித் தந்தது?

'நான்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே கிளி என்று ஒருத்தியைக் கதைக்குள் அனுப்புகிறேன். வயது எழுபத்துமூன்று, மொன்ட்ரியால் லாசாலில் மூன்றாம் மாடி, முழங்காலில் நோ. அவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருங்கோ, என்ர குஞ்சுகள். அந்தளவு இரக்கம் எனக்குக் காணும்.

இடையிலே சதுர அடைப்புக்குள் வெறுமையாக இடம் வரும். அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். ஏனென்று பேந்து சொல்கிறேன்.

2

கிளியின் வீட்டுக்குக் கீழ்மாடியில் சாம்பவி இருக்கிறாள். நாற்பது தாண்டியவள், மனநல ஆலோசகர். போன வருடம் ஒரு புதுப் பயிற்சியில் சேர்ந்தாள். ஒருவகைக் காளானில் இருக்கிற மருந்தைக் குடித்த ஒருவர் ஆறேழு மணித்தியாலம் தன் மனதுக்குள் போய்த் திரும்பும்வரை, அவருக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்று சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. அந்த மருந்து கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது. வேறெந்த மருந்திலும் சுகம் காணாதவர்களுக்காக, டொக்டர் ஒட்டாவாவுக்கு, அரசாங்கத்துக்கு எழுதி அனுமதி எடுக்கவேண்டும்.

"ஆக்கள் காளானைக் குடிக்க நீ பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு ஒரு வருசப் படிப்போ?" என்று கிளி கேட்டாள்.

"ஓம் அன்ரி. சும்மா இருக்கிறதுதான் கஷ்டம். உங்களால அஞ்சு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருக்கேலுமோ?"

"நித்திரையிலயும் கதைக்கிறவள் நான்."

"அப்ப வாங்கோ. நீங்களும் பழகலாம்."

தமிழில் வேலை செய்யப்போகிறவள் தமிழிலேயே பழகவேண்டும் என்று, இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் படுப்பார். சாம்பவி பக்கத்தில் இருப்பாள். மற்றவர் மூலைக் கதிரையில் இருந்து சாம்பவியைக் கவனிப்பார். படுக்க வந்தவர் மகேந்திரராசா. திருகோணமலை ஆள், அறுபத்துநாலு வயது, சென்ட் லோரன்டில் விமானப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடமாக ஒழுங்காக நித்திரை இல்லை. குடிக்காத நித்திரைக் குளிசையும் இல்லை.

(பயிற்சியில் காளான் கிடையாது. கண்ணைக் கட்டி, மேளச் சத்தம் போட்டு, கெதியாக, இளைக்க இளைக்க மூச்சு விடச் சொல்வார்கள். மூச்சே போதும் என்று அன்றைக்குக் கண்டேன். மன்னியுங்கோ, கிளி கண்டாள்.)

"காளான் எங்க பிள்ளை? வெறும் காத்தைத் தந்தோ ஏமாத்தப்போறாய்?" மகேந்திரராசா மெத்தையில் சாய்ந்துகொண்டே கேட்டார்.

"காத்துக்கே நீங்கள் தாங்கிறியளோ பாப்பம் அண்ணை. அழுகை வந்தால் கையைப் பிடிக்கலாமோ?"

"இடக் கையை மட்டும்."

சாம்பவி அதை எழுதிக்கொண்டாள். பிறகு மூலைக்கு வந்தாள். "அன்ரி, எழும்பி வந்து தலையைத் தடவக்கூடாது. 'அழாதேங்கோ' சொல்லக்கூடாது. அவர் என்ன சொல்லுறார் எண்டு பாக்காதேங்கோ, நான் என்ன செய்யிறன் எண்டு பாருங்கோ." 'இந்த அறையில் கேட்டது இந்த அறைக்குள்ளே' என்று எழுதிய தாளை நீட்டினாள். கிளி தமிழில், கொம்பெல்லாம் சுழித்து, வடிவாகக் கையெழுத்து வைத்தாள்.

அரை மணித்தியாலம் கழித்து மகேந்திரராசா கதைக்கத் தொடங்கினார். [                    ] அப்போது அவர் வலக் கையில் இருந்தது [        ]. அதோடுதான் [                ] விட்டுவிட்டு நடந்தார்.

சாம்பவி இடக் கையைப் பிடித்தாள். வேறொன்றும் செய்யவில்லை. மூலையில் கிளியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. இரக்கத்தால் அடித்தது என்று எழுதத்தான் ஆசை. 'இதெல்லோ கதை!' என்று அவளுக்குள் ஒருத்தி எழும்பி நிமிர்ந்து உட்கார்ந்ததால் அடித்தது. சாம்பவியைப் பார்க்க வந்தவள், அவருடைய சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எழும்பி இருந்து தண்ணீர் குடித்த மகேந்திரராசா, "பிள்ளை, நெஞ்சு கொஞ்சம் இளகினமாதிரிக் கிடக்கு. அந்த மெய்யான மருந்துக்கு எனக்கும் எழுதச் சொல்லுவியோ?" என்றார்.

"டொக்டரிட்டைக் கேக்கிறன் அண்ணை."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். நல்ல முடிவு. கிளி குறுக்கே வந்துவிட்டாள்.

3

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு நிலவறை மண்டபத்தில் கிளி கதை சொல்வாள். நாற்பது பேர் வருவார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ், பிறகு கதை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகப் பழகிய தொழிலில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: பேரை மாற்று, ஊரை மாற்று, உறவை மாற்று, பொருளை மட்டும் மாற்றாதே. கேட்கிறவர் நம்புவது பொருளைத்தான்.

மூன்று சனிக்கிழமை பொறுத்தாள். பிறகு திருகோணமலையை மன்னாராக்கி, கடலைக் காடாக்கி, [        ]ஐ மச்சானாக்கிச் சொன்னாள். பொருள் அப்படியே இருந்தது.*

முடிக்கிற நேரம், முன் வரிசையில் ஒரு கண் காய்ந்திருப்பதைக் கண்டாள். அந்தக் கண்ணுக்காக ஒரு வரி சேர்த்தாள்: "அவன் திரும்பியும் பாக்கேல்லை."

மண்டபம் முழுக்க அழுதது. கிளிக்கு அது இனித்தது.

* உங்களுக்காக அந்தப் பொருளை மாற்றிப் பார்த்தேன். குடை வைத்தேன், சிரிப்பு வந்தது. பூட்டுத் திறப்பு வைத்தேன், எங்கேயோ கேட்ட கதை ஆகிவிட்டது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் வெட்கம்.

4

'மகேந்திரராசாவின் மனைவி சிவமலர் அன்றைக்கு மண்டபத்தில் இருப்பாள் என்று கிளிக்கு எப்படித் தெரி—'

வெட்டுகிறேன். பொய். சிவமலர் குளிர்க்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்ததைக் கிளி கண்டாள். கண்டபிறகும் சொன்னாள். பேரை மாற்றினால் காணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பொருள் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இத்தனை வருடமாகச் சிவமலர்தான் அதைத் தூசி தட்டி வைக்கிறாள்.

கதை முடிந்து எல்லாரும் எழும்ப, கடிக்காத ரோல்ஸ் கையோடு சிவமலர் வந்தாள்.

"நல்ல கதை அக்கா."

"ஏதோ வாயில வந்தது."

"அந்தாள்... சொல்லேக்க அழுதவரோ?"

கைதட்டலின் சூடு கிளிக்கு இன்னும் ஆறவில்லை. "பின்னை! விக்கி விக்கியெல்லோ அழுதவர்."

"எனக்கு முன்னால ஒருநாளும் அழேல்லை," என்றாள் சிவமலர். ரோல்ஸைக் கடுதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

5

வியாழக்கிழமை மகேந்திரராசா வந்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ தம்பி."

"வேண்டாம் அக்கா. நிண்டே கதைக்கிறன்." கால்மிதியிலேயே நின்றார். "திறமாச் சொன்னீங்களாம். சனம் மூக்குச் சிந்தினதாம்."

கிளி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"கண்ணைக் கட்டேக்க எனக்குப் பயமாத்தான் இருந்தது. மூலையில எங்கட கிளியக்கா இருக்கிறா, பயமில்லை எண்டு நினைச்சுத்தான் மூச்சை விட்டனான்."

"தம்பி, நான் பேரை மாத்தி, ஊரையும் மாத்தி—"

"அதுகளை மாத்தினீங்கள். பரவாயில்லை. நான் திரும்பிப் பாக்கேல்லை எண்டது ஆர் சொன்னது?"

"அது... கதைக்காண்டி."

"நான் பாத்தனான் அக்கா. அதைத்தான் முப்பத்தைஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்." அவர் குரல் உயரவில்லை. "சிவமலர் இப்ப உங்கட வரியைத்தான் நம்புறா. நான் சொன்னால், 'அக்காவுக்கு முன்னால சொன்னதை எனக்கு ஏன் சொல்லேல்லை' எண்டு கேக்கிறா."

கதவைத் திறந்துகொண்டு, "சாம்பவியிட்டைச் சொல்லுங்கோ, டொக்டர் எழுத வேண்டாம். இனி ஒருத்தருக்கு முன்னாலயும் நான் கண்ணை மூடமாட்டன்," என்றார்.

கால்மிதியில் பனி உருகி, சப்பாத்தளவு இரண்டு குட்டை தண்ணீர் நின்றது.

சாம்பவி நடந்ததைப் பயிற்சி நடத்துபவர்களிடம் மறைக்காமல் சொன்னாள். செய்முறைப் பகுதியை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். கிளியிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கையெழுத்து மட்டும் வடிவா வைச்சனீங்கள் அன்ரி."

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் கிளி மண்டபத்தில் எழும்பி, கடைசி வரி பொய் என்கிறாள். மிச்சமெல்லாம் மெய் என்று நாற்பது பேருக்கும் விளங்கிவிடும். வெட்டினேன்.

இரண்டாவதில் சிவமலரைத் தனியாகக் கண்டு சொல்கிறாள். சிவமலர் அடுத்த கேள்வி கேட்பாள். கிளியின் வாயை எனக்குத் தெரியும். வெட்டினேன்.

மூன்றாவதில் பேசாமல் செத்துப்போகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. அந்தப் பொய் வரி என்னோடு சேர்ந்து சாகாது என்பதால் அதுவும் சரிவரவில்லை.

ஆகவே இவ்வளவையும் எழுதி, ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு மகேந்திரராசாவிடம் போனேன். (கிளி போனாள் என்று இனி எழுத ஏலாது.) குசினி மேசையில் வைத்து நிதானமாக வாசித்தார். அழித்தார். நீங்கள் கண்ட வெறும் அடைப்பெல்லாம் அவருடைய கை. இந்தப் பேர்களும் ஊரும் அவர் தெரிந்தெடுத்து வைத்தவை.

"இதை என்னத்துக்கு எழுதினீங்கள்?"

"அந்த ஒரு வரியைத் திருத்த."

"அப்ப அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாமே அக்கா. மிச்சமெல்லாம் நீங்கள் அழுறதுக்கு."

ஒரு வரிக்குக் கீழே மட்டும் அவர் கோடு போட்டார், இது நிற்கட்டும் என்று. அது இது:

அவர் திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் பக்கத்தில், அவர் மறுபடி வந்து மெத்தையில் படுப்பதாக நான் எழுதியிருந்தேன். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது உங்கட வேலை இல்லை," என்றார். வெளியே வருகிறபோது அலுமாரிப் பக்கம் என் கண் போனது. திருப்பிக்கொண்டேன்.

போன கிழமை படியிறங்குகையில் சாம்பவியை அவள் வாசலில் கண்டேன். கையில் ஒரு போர்வையும் கண்ணைக் கட்டுகிற துணியும் வைத்திருந்தாள். யாருக்கு என்ற கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் கதவைப் பூட்டி, சப்பாத்து மாட்டி, கையுறை தேடி, கீழே இறங்கிப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும்.

அடைப்புக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் ஊகிக்கத் தொடங்கியிருப்பீர்கள். குற்றம் சொல்லமாட்டேன், செல்லங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த அறையின் மூலையில் ஒரு கதிரை இருக்கிறது. நான் எழும்பிவிட்டேன். இப்போது அதில் நீங்கள் இருக்கிறீர்கள்.