செவ்வாய்க்கிழமை முகம்

மிளகாய் மண்டியில் வேலை பார்க்கிற பெண் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொள்கிறாள் என்றால், ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். இல்லை, காதல் பிடித்திருக்க வேண்டும். ஷிஜாவுக்குப் பிடித்தது எது என்று தங்கபாய்க்கு நன்றாகவே தெரியும்.

“செவ்வாக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு பிள்ளே. இப்பவே கண்ணப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துக?”

“பழகணும்லா அக்கா. முதல்ல ரெண்டு மணிக்கூறு, பின்ன நாலு மணிக்கூறு, அப்படித்தான் கடையில சொன்னாவ.”

“பழகு, பழகு. மூக்கு ஒழுகுது. அதையும் தொடச்சிட்டுப் பழகு.”

திருவனந்தபுரம் ஆரியசாலையில் பிச்சைக்கனி அண்ணாச்சியின் மண்டி. தங்கபாய் அங்கே வற்றலுக்குக் காம்பு கிள்ளுகிறவள். ஷிஜா மேசையில் உட்கார்ந்து எடை எழுதுகிறவள். அவள் கண்ணாடியின் பவர் மைனஸ் ஏழு. அதைப் போட்டால் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் அந்தக் கனத்த சில்லுக்குப் பின்னால் அவள் கண்கள் இரண்டும் கடுகாகச் சுருங்கிவிடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மிளகாய்த்தூள் படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சாத்தூரிலிருந்து சரக்கு லாரி வந்து நின்றது. யாரோ குதித்து இறங்கினார்கள். “என்ன அண்ணாச்சி, புதுசா வந்திருக்க புள்ளைக்குக் கண்ணு இம்புட்டுப் பெருசா இருக்கு!” என்றது ஒரு குரல்.

அவள் கண்ணைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையிலிருந்த கண்ணாடி சத்தமில்லாமல் மேசை டிராயருக்குள் போனது.

அன்று முதல் செவ்வாய்க்கிழமை லாரிச் சத்தம் கேட்டால் கண்ணாடி டிராயருக்குள் போய்விடும். தங்கபாய் தராசைப் பார்த்து எடையைச் சொல்வாள். ஷிஜா தாளில் மூக்கு உரசக் குனிந்து எழுதுவாள். லாரி டிரைவர் வீரபாண்டி அவளுக்கு ஒரு குரல், கொஞ்சம் டீசல் வாசனை, வெளுத்த நீலத்தில் அசைகிற ஓர் உருவம். அவ்வளவுதான். முகம் எப்படி இருக்கும் என்று தங்கபாயிடம் கேட்கவும் வெட்கம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு முகத்தைத் தானே அந்தக் குரலுக்குப் பொருத்திப் பார்ப்பாள். ஒன்றும் சரியாக உட்காராது.

போன புதன்கிழமைதான் ஓணம் போனஸைப் பழவங்காடிக் கண்ணாடிக் கடையில் கொடுத்து லென்ஸ் வாங்கினாள். எங்கே வேலை என்று அவர்கள் கேட்டபோது, “ஆபீஸில்” என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் மண்டியிலேயே மாட்டப் பார்த்தாள். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவினாள். சோப்புக்கு அடங்குமா சாத்தூர் வற்றல்? அவள் போட்ட அலறலில் பாம்பு என்று நினைத்து அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதன் பிறகு வீட்டில், விடிந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொண்டாள். விரல் நுனியில் நீர்த்துளி மாதிரி உட்கார்ந்திருக்கும். கண் அதைக் கண்டதும் கதவைச் சாத்தும். கெஞ்சி, அதட்டி, இமையைப் பிடித்து இழுத்து, எப்படியோ உள்ளே போய்விடும். பஸ்ஸில் வரும்போது மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை விரல் தள்ளிவிடப் போகும். அவளே சிரித்துக்கொள்வாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

“வீரபாண்டி நாளையோட நம்ம லைனை விடுதான். இனிமே குண்டூர்ப் பக்கமாம்.”

ஷிஜாவின் பேனா நின்றது. “ஏன் அண்ணாச்சி?”

“யாரு கண்டா? அவனாக் கேட்டு வாங்கினானாம். திருவனந்தபுரமே வேண்டாம்ன்னுட்டானாம்.”

தங்கபாய் காம்பைக் கொஞ்சம் வேகமாகக் கிள்ளினாள்.

செவ்வாய் வந்தது. லாரியும் வந்தது. கண்ணாடி டிராயருக்குள், லென்ஸ் கண்ணுக்குள். முதன்முறையாக அந்த லாரியின் மூக்கில் தொங்கிய வாடிய எலுமிச்சம்பழம் தெரிந்தது. கதவு திறந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. கழுத்தோரம் வெயிலில் கறுத்த பிடரி. அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரக்கு இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகளோடு பேசிக்கொண்டிருந்தான்.

திரும்பு. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு.

அவன் திரும்பத் தொடங்கிய அந்த நேரத்தில்தானா கொக்கி மாட்டிய மூட்டை ஒன்று கிழிய வேண்டும்! வற்றல் கொட்டிச் சிதறியது. சிவப்பாக ஒரு புழுதி எழும்பியது. தெருவே தும்மியது. ஷிஜாவின் கண்ணுக்குள், லென்ஸுக்கு அடியில், யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

பின்கட்டுக் குழாயடிக்கு ஓடினாள். தங்கபாய் தண்ணீரை அடித்து ஊற்ற, லென்ஸ் இரண்டையும் பிடுங்கி எடுத்தாள். ஒன்று சாக்கடையில் போனது. இன்னொன்று தங்கபாயின் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது.

“போட்டும் பிள்ளே. கண்ணுதான் பெருசு.”

திரும்பி வந்தபோது எல்லாம் பழையபடி புகை. மேசைக்கு முன்னால் அந்த நீல உருவம் நின்றது.

“சரக்கு இறக்கியாச்சுங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா கெளம்பிருவேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு...”

அவள் டிராயரை இழுத்தாள். போட்டால் கடுகுக் கண். போடாவிட்டால் இந்த முகம் இனி ஒருநாளும் இல்லை. சிவந்து வீங்கிய கண்களின் மேல் மைனஸ் ஏழை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மாநிறம். முன்பல்லில் ஒரு சின்ன உடைசல். தாடையில் அம்மைத் தழும்பு. அவள் பொருத்திப் பார்த்த முகங்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தக் குரல் இந்த வாயிலிருந்து மட்டும்தான் வர முடியும்.

“நீங்க கண்ணாடி போடுவீங்களா?”

“சின்னதுலேர்ந்தே.”

“நான் பாத்ததே இல்லியே!”

“நீங்க வரும்போ கழத்தி வச்சிருவேன்.” ஏன் என்று அவன் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: “இன்னைக்குத்தான் உங்க முகத்தைக் காணுறேன்.”

அவன் தெருமுனையைக் காட்டினான். “ஒவ்வொரு வாரமும் அந்த முக்குல திரும்பும்போது கைய வெளிய நீட்டி ஆட்டுவேங்க. நீங்க நேரா என்னையவே பாத்துக்கிட்டு நிப்பீங்க. ஒரு நாளும் கை தூக்கினதில்ல. லாரிக்காரன்னா எளக்காரம் போலன்னு நெனச்சேன்.”

“வண்டிச் சத்தம் போற பக்கம் பாத்துட்டு நிப்பேன். எனக்கு இந்த மேசைக்கு அங்ஙோட்டு எல்லாம் புகைதான்.”

“குண்டூர் லைன நானாக் கேட்டு வாங்கிட்டேனே...” என்றான், தனக்குத்தானே சொல்வது போல.

பின்னால் ஆட்டோக்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. “டா பாண்டி, வண்டி எடுக்கெடா! வழி முடக்காதெ!”

அவன் ரெண்டடி பின்னால் நடந்து, பிறகு திரும்பி ஓடினான். லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. ஷிஜா வாசலுக்கு வந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகாய் பாதி இருக்கும். கண்ணாடியைச் சேலை முந்தியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

தெருமுனை. நீலச் சட்டைக் கை ஒன்று ஜன்னலுக்கு வெளியே நீண்டு அசைந்தது. இத்தனை வாரமும் அங்கேதான் அசைந்திருக்கிறது.

அவள் கையைத் தூக்கினாள். உயர, இன்னும் உயர.

லாரியின் பின்விளக்கு சிவந்தது. அந்த வளைவில் எந்த வண்டியும் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விளக்கு கொஞ்சம் அதிக நேரம் எரிந்த மாதிரி இருந்தது.

“உள்ள வா பிள்ளே, முகத்தக் கழுவு” என்றாள் தங்கபாய். “அந்தக் கண்ணாடியக் கழத்து.”

“இருக்கட்டும் அக்கா” என்றாள் ஷிஜா, முனையிலிருந்து பார்வையை எடுக்காமல்.