எல்லாரும் ஒரே இடத்தில்

“நீ வந்திருக்கியா, இல்லையா?”

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் கேட்டது. நான் இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ‘உள்ளேன்’ என்று சொல்லத்தான் செய்தேன்; அது தொண்டையைத் தாண்டவில்லை. வகுப்பே சிரித்தது. பதிவேட்டில் நான் வராதவளானேன். அப்புறம் நிஜமாகவே போகாமல் விட்டுவிட்டேன். சொல்ல வராததையெல்லாம் நோட்டில் எழுதி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் சித்திதான் இந்த டிசைன் ஆபீசில் சேர்த்துவிட்டாள். “இங்கயாவது வாயைத் தொற. எனக்கு வேற ஆபீஸ் எதுவும் தெரியாது” என்றாள். ஆபீசை நடத்தும் அக்கா வரைவாள், நான் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவேன். வேன் ஓட்டும் அண்ணன் எனக்குப் ‘பூனை’ என்று பேர் வைத்தார்.

ஊரில் ஆறு சின்னப் பூங்காக்களைச் சீர்படுத்தினார்கள். அவற்றுக்கு அடையாளச் சின்னம், நிறம், பலகை எல்லாவற்றையும் குடியிருப்போர் குழு எங்களிடம் கொடுத்திருந்தது. அக்கா மூன்று கோட்டில் ஓர் இலை வரைந்தாள். குழுவிலிருந்து வந்தவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து, “மீன் நல்லாருக்கு” என்றார். அதற்குப் பிறகு நாற்பது இலை வரைந்தாள்.

பலகை மாட்டும் நாள் காலையில் ஆறும் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஊர் வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. ‘சிவப்புப் புள்ளி: நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று அடியில் ஒரு வரி. குழு மூன்று தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. தூசி துடைத்துக்கொண்டே வந்தவள் நான்காவது பலகையில் நின்றேன். திரும்பிப் போய் முதலாவதைப் பார்த்தேன். பேர் மாறியிருந்தது, நிறம் மாறியிருந்தது. புள்ளி மட்டும் ஆறிலும் குளத்துப் பூங்காவிலேயே இருந்தது.

அதற்குள் அண்ணன் இரண்டை வேனில் ஏற்றிவிட்டார். “பத்து மணிக்கு மாட்டிடுவோம் சார்” என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் பழைய இடத்திலேயே சிக்கிக்கொண்டது. மூன்றாவதும் ஏறியது. ஓடிப்போய் நான்காவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“ஏ பூனை, விடு. நேரமாச்சு.”

“தப்பு.”

“என்னது?”

“தப்பு!”

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்தாள். “எழுத்துப் பிழையா?”

“புள்ளிக்கா. எல்லாரும் ஒரே எடத்துல இருக்காங்க.”

அக்கா குனிந்து பார்த்தாள். வேனுக்குள் ஏறிப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். “ஐயையோ, ஊரையே ஒரே பெஞ்சுல உக்கார வச்சுட்டேனே!”

“பூனை கத்திடுச்சு. இன்னிக்கு மழைதான்” என்றார் அண்ணன், பலகைகளை இறக்கிக்கொண்டே.

நான் சிவப்பு ஸ்டிக்கரில் வட்டம் வெட்டத் தொடங்கியிருந்தேன். ஐந்து சிவப்பு, பழைய புள்ளிகளை மறைக்க, வரைபடத்துப் பூங்காவின் பச்சையில் ஐந்து.

கடைசிப் பூங்கா மிகச் சின்னது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு, இடுப்பளவு மரம் ஒன்று. பலகையை மாட்டிய பிறகு அக்கா கடைசி வட்டத்தை என்னிடம் நீட்டினாள். “இதை நீ ஒட்டு.” கட்டை விரலால் அழுத்தி ஒட்டினேன்.

தோளில் பையோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தாள். திரும்பி பெஞ்சைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டால் சொல்லலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் விரல் புள்ளியிலிருந்து கிளம்பி, இரண்டு தெரு திரும்பி, குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த வழியே நடந்து போனாள்.