பதினேழரை நாள்

கட்டட வேலையிடத்தில் அவளை எல்லாரும் பெயிண்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாகச் சுவரோடு மல்லுக்கட்டுகிறவள். வாசலில் நின்று ஓர் அறையைப் பார்த்தாலே, எத்தனை லிட்டர் பெயிண்ட் பிடிக்கும், எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் பிசகாது. ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, தனித்தேர்வராக எழுதி இரண்டு முறை.

மேற்பார்வையாளர் பயிற்சியில் சேர அந்தப் பத்தாவது வேண்டும். மற்றப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டாள். கணக்கு ஒன்றுதான் பாக்கி.

"வெறும் கூட்டல் கழித்தல்னா போட்டுடுவேன். கதை சொல்லிக் கேக்கறாங்களே, அங்கதான் மண்டை காயுது," என்று கணவனிடம் புலம்பினாள்.

அவன் பிளம்பர். புத்தகத்தை வாங்கி ஒரு கணக்கைப் படித்தான். ஒரு குழாய் தொட்டியை நான்கு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று ஆறு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்?

"அடிக்குழாயை எவன் திறந்து வச்சான்? முதல்ல அதை மூடச் சொல்லு," என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவனால் ஆன உதவி அவ்வளவுதான்.

அதே வீட்டில் நாத்தனாரும் இருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். வீட்டில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வேலையும் அப்படி, வாயும் அப்படி. அண்ணிக்கும் அவளுக்கும் ஒரே வயது. சண்டை என்று எதுவும் இல்லை, ஆனால் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை, தண்ணீர் எடுக்க வந்த கத்தரி அண்ணியின் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு வேலையை ஒருவர் பன்னிரண்டு நாளிலும், இன்னொருவர் ஆறு நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? அண்ணி ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

"அண்ணி, வேகமான ஆள் தனியா செஞ்சாலே ஆறு நாள்தானே. கூட ஒரு ஆள் வந்தப்புறம் ஒன்பது நாள் ஆனா, நீங்க விடுவீங்களா?"

பெயிண்டரக்கா ஒன்பதை அடித்தாள். "ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றாள் மெதுவாக.

கத்தரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "துணியைக் கையில எடுத்ததும் வெட்ட மாட்டோம். விரிச்சு, அளந்து, கோடு போட்டு, அப்புறம்தான் கத்தரி. நீங்க எடுத்ததும் வெட்டறீங்க. என்ன குடுத்திருக்காங்க, அதை எழுதுங்க. என்ன கேக்கறாங்க, அதுக்குக் கீழ எழுதுங்க. ஒரு நாளைக்கு ஒருத்தர் எவ்வளவு வேலை செய்வார்?"

"பன்னிரண்டுல ஒரு பங்கு. இன்னொருத்தர் ஆறுல ஒரு பங்கு." விரல் விட்டுக் கூட்டினாள். "பன்னிரண்டுல மூணு பங்கு... அப்படின்னா கால்வாசி. நாலு நாள்."

அன்றிலிருந்து தினமும் ஒரு கணக்கு. வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில், பட்டி பூசிக் காய்ந்த சுவரில் பென்சிலால் படிப்படியாக எழுதுவாள். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று எது சரி என்று சண்டை போடுவார்கள். முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்வாள். விடை தப்பாக வந்த நாளில் வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தரியைத்தான் தேடினாள்.

தேர்வில் இப்படி ஒன்று வந்தது: முதலாமவர் தனியாகச் செய்தால் இருபது நாள், இரண்டாமவர் தனியாகச் செய்தால் முப்பது நாள். இருவரும் ஐந்து நாள் சேர்ந்து செய்தபின் முதலாமவர் விலகினார். மீதியை முடிக்க இரண்டாமவருக்கு எத்தனை நாள்?

கொடுத்ததை எழுதினாள். கேட்டதை எழுதினாள். சேர்ந்து ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு; ஐந்து நாளில் ஐந்து பங்கு; மீதி பன்னிரண்டில் ஏழு பங்கு. அதை முப்பதால் பெருக்கினாள். பதினேழரை வந்தது.

புத்தகத்தில் அவள் போட்ட கணக்குகளில் அரை நாள் வந்ததே இல்லை. அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதப் பேனாவை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அரை நாள் வேலை என்று உலகத்தில் இல்லையா என்ன? மதியத்தோடு முடிந்துபோன சுவர்கள் எத்தனை. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பதினேழரை நாளில் அந்த ஏழு பங்கு மிச்சமில்லாமல் முடிந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து எழுதியவர் பதினெட்டு என்றார், இன்னொருத்தி பன்னிரண்டு என்றாள். பெயிண்டரக்கா பேருந்தில் வீடு வரும்வரை உள்ளங்கையில் விரலால் அதே கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

முடிவு வந்த அன்று கத்தரிதான் போனில் முதலில் பார்த்தாள். "ஐம்பத்தி எட்டு, அண்ணி," என்று போனை நீட்டினாள். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

பயிற்சியில் இடமும் கிடைத்தது. வகுப்பு மறுநாள் தொடங்குகிறது, காலை ஏழு மணிக்கு. முடித்துவிட்டு அப்படியே வேலைக்கு ஓட வேண்டும். சுலபமாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, நாளைலேர்ந்து காலைல அடுப்பு உன் பொறுப்பு. மத்தது நான் பாத்துக்கறேன்," என்றாள் கத்தரி.

பிளம்பர் தங்கையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான்.