மோன்த்ருவெல் ஏற்றத்தில் ஒரே ஒருவன்

மோன்த்ருவெல் ஏற்றத்தைப் பற்றி நான் சொல்வதை எங்கள் சைக்கிள் கிளப்பில் யாரும் நம்புவதில்லை. அதன் உச்சியில் கழுகுகளே மூச்சு வாங்க உட்காரும் என்பேன். ஒரு ஆடு பாதி வழியில் மனம் மாறித் திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்பேன். சிரிப்பார்கள். ஓய்வு பெற்றபின் எனக்கு மிச்சமிருக்கும் வேலை இரண்டுதான்: மிதிப்பது, அளந்து விடுவது. முதலாவதில் கொஞ்சம் சுமார்.

கிளப்பின் தலைவன் ஊபேர் என் பள்ளித் தோழன். சவாரி நாளில் சாப்பாட்டு நிறுத்தத்துக்கு எப்போதும் அவன்தான் முதலில் போய்ச் சேருவான். போனதும் அக்ரூட் கேக்கின் மொறுமொறுப்பான ஓரங்களையெல்லாம் தின்று தீர்த்துவிடுவான். பின்னால் வருகிற எங்களுக்குத் தலையணை மாதிரி நடுப்பகுதி கிடைக்கும். பல வருஷமாக எனக்கு அது ஆறவில்லை.

இந்த மே மாதப் பெரிய சவாரியில் சாப்பாடு முதல்முறையாக மலை உச்சியிலிருக்கும் மோன்த்ருவெல் ஊரில். அதுவரை ஆற்றோரத்துப் பெல்ரீவில்தான் நடக்கும்; சமதளம், காப்பிக்கடைகள், ஊர் வாசலில் 'அழகிய கிராமம்' என்று பலகை வேறு. மோன்த்ருவெலின் மேயர் செவரின் கிளப்புக்கு நடையாய் நடந்து, "எங்க ஊர்லயும் சமைக்கத் தெரியும் ஐயா, ஒரு தடவை ஏறி வந்து பாருங்க" என்று மன்றாடி வாங்கிய வாய்ப்பு அது.

மலையடிவாரத்தில் பாதை பிரிகிறது. இடது பக்கம் ஏற்றம், வலது பக்கம் ஆறு. கம்பத்தில் கம்பி போட்டுக் கட்டிய மஞ்சள் அம்புக்குறி இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குக் காலில் ஏதோ பேய் புகுந்திருந்தது. ஊபேரை முந்திக்கொண்டு அங்கே வந்துவிட்டேன். வந்தவன் சும்மா ஏறியிருக்கலாம். அம்புக்குறியை ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டு, மேய்ப்பர்களின் பழைய கல் குடிசைக்குப் பின்னால் சைக்கிளோடு பதுங்கினேன். இத்தனைக்கும் நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவன். சாலைக் குறிகளை மதிக்கும்படி இந்த மாவட்டத்தில் பாதிப் பேரின் காதைத் திருகியவன்.

ஊபேர் வந்தான். அம்பைப் பார்த்தான். பல வருஷப் பழக்கத்தில் யோசிக்காமல் வலது பக்கம் போனான். நான் கையுறையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் ஒருவன் மட்டும் ஆற்றோரம் அலையட்டும், அம்பை நேராக்கிவிட்டு நான் மேலே போய் ஓரம் தின்னலாம் என்பதுதான் திட்டம்.

ஆனால் அவன் சக்கரத்தை ஒட்டியே ஒரு கூட்டம் வந்தது. நான் எழுவதற்குள் அதுவும் வலது பக்கம் போய்விட்டது. ஓடிப்போய் அம்பை நேராக்கினேன். நடுச்சாலையில் கையை விரித்து நின்று, "இடது! இடது பக்கம்!" என்று கத்தினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. அம்புக்குறியைப் பார்க்க மாட்டார்கள்; முன்னால் போகிறவனின் முதுகைத்தான் பார்ப்பார்கள். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தபடி, கடைசி ஆள் வரைக்கும் வலது பக்கமே போனார்கள். ஒரு அம்மாள் முத்தம்கூடப் பறக்கவிட்டாள்.

பெல்ரீவில் மேசை நாற்காலி இல்லாததைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு மலை ஏறினேன்.

உச்சியில் என் தலை தெரிந்ததும் அக்கார்டியன் முழங்கியது. ஊரே தேவாலயத்துக்கு முன்னால் இஸ்திரி போட்ட உடுப்பில் நின்றிருந்தது. ஜன்னல்களிலெல்லாம் காகிதப் பூச்சுற்றிய சைக்கிள் சக்கரங்கள். நீளமான மேசையில் கேக்குகள், ஆட்டுப்பால் சீஸ், பன்றிக்கறி, ஒயின். ஒரு படைக்கே போதும். செவரின் ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"முதல் ஆளு! இந்த வயசுல எல்லாரையும் முந்திட்டீங்களே! மத்தவங்க?"

"இதோ... பின்னாலயே வந்துட்டிருக்காங்க" என்றேன்.

வாழ்நாளெல்லாம் இப்படி ஒரு வரவேற்புக்காகத்தான் அளந்து விட்டிருக்கிறேன். கிடைத்தபோது காது மடல் எரிந்தது.

எனக்கு நாற்காலி போட்டார்கள். யாரோ தோளைப் பிடித்துவிட்டார்கள். அக்கார்டியன்காரர் சாலையைப் பார்ப்பதும், வாசிக்கத் தொடங்குவதும், நிறுத்துவதுமாக இருந்தார். கேக்கின் மேல் குளவி சுற்ற ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற கசாப்புக்காரர் அபெல் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"மேயரம்மா, நான்தான் சொன்னேனே. அந்தத் தொடை தெரியற ஆளுங்க நம்ம ஊருக்கு எதுக்கு வரப்போறாங்க?"

"சும்மா இருங்க அபெல். வருவாங்க."

"வருவாங்க, வருவாங்க. இந்தக் கேக்கையெல்லாம் என் கோழிங்க வந்து தின்னும்."

சிலர் சிரித்தார்கள். செவரின் சிரிக்கவில்லை. அடுப்பங்கரைத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கைப்பேசியை எடுத்து ஊபேரைக் கூப்பிட்டாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டதால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஐயா, வழி கிழி தவறிட்டீங்களா?"

"நானா? வழி தவறுறதா?" ஊபேரின் குரலுக்குப் பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம். ஏமாந்ததை ஒத்துக்கொள்வதைவிட ஆற்றில் குதித்துவிடுவான் அவன். "அந்த ஏத்தத்தப் பாத்தோம் மேடம். வயசானவங்க நிறைய. வேணாம்னு நாங்களாத்தான் முடிவு பண்ணி ஆத்தோரம் வந்துட்டோம். அடுத்த வருஷத்துலேர்ந்து மறுபடி பெல்ரீவ்லயே வச்சுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். தப்பா நினைக்காதீங்க."

செவரின் கைப்பேசியை மேசையில் வைத்தாள். அக்கார்டியன்காரர் தோல்வாரைக் கழற்றினார்.

நான் எழுந்தேன். "அவன் பொய் சொல்றான். நான்தான் அம்புக்குறியத் திருப்பினேன்!" அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு விடவில்லை. "பத்து ஆள் பலம் போட்டுக் கம்பத்தையே புரட்டினேன். எரநூறு பேரு எம்மேல வெள்ளமாப் பாஞ்சாங்க..."

என்னையே பார்த்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். அபெல் வந்து என் முதுகில் தட்டினார்.

"தங்கமான மனுஷன்யா நீ. மேயரம்மா மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தூக்கி உன் தலைமேல போட்டுக்கிற பாரு! உக்காருப்பா, ஒரு வாய் குடி."

கோப்பையை என் கையில் திணித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான ஒயினைக் குடித்ததில்லை; நல்ல ஒயின்தான்.

செவரின் மேசையின் கடைக்கோடிக்குப் போய்த் தட்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க ஐயா" என்றாள். "எங்க மேடு யாருக்கும் வேணாம். அவ்வளவுதானே?"

"கம்பி தளர்ச்சியா இருந்துச்சும்மா. ஒத்த விரலால திருப்பினேன். குடிசைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். ஊபேர் மட்டும் போகணும்னு பாத்தேன், எல்லாரும் அவன் பின்னாலயே போயிட்டாங்க."

"எதுக்கு?"

"கேக்கோட ஓரத்துக்கு."

நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"அவன் எப்பவும் ஓரத்தத் தின்னுடுவான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது. "அப்போ எங்க ஊர யாரும் ஒதுக்கல" என்றாள், தனக்குத்தானே. அந்த நிம்மதியைப் பார்ப்பதைவிட அறை வாங்கியிருக்கலாம்.

கைப்பேசியை எடுத்து, மறுபடி ஊபேரைக் கூப்பிட்டு என்னிடம் நீட்டினாள். "அவரையும் ஒலிபெருக்கியில போடச் சொல்லிட்டு இதையே அவர்ட்ட சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது."

சொன்னேன். விரல், குடிசை, கேக். ஊர் மொத்தமும் கேட்டது. என் பின்னால் வந்து தோளில் கைபோட்டிருந்த அபெல் கையை எடுத்தார்.

மறுமுனையில் பெல்ரீவின் காப்பிக்கடை முழுக்க வெடித்துச் சிரித்தது. "தலைவரே, நாங்களாத்தான் முடிவு பண்ணோம்னீங்களே!" என்று யாரோ கூவினார்கள்.

"சிரிக்காதீங்கடா! ஏத்தத்துக்குப் பயந்தா வந்தேன்? எவன் சொன்னான்? எல்லாரும் எழுந்திருங்க!" என்றான் ஊபேர். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம், "ஃபிர்மேன், நீ அங்கயே இரு."

வேறு எங்கே போவேன்? ஊற்றடியில் ஒரு வாளியோடு என்னை நிறுத்தினார்கள், வருகிறவர்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க. யாரும் என்னோடு பேசவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஒருவர் புல்லில் அப்படியே விழுந்தார். அக்கார்டியன் ஓயவே இல்லை. ஊபேர் தக்காளி நிறத்தில் வந்து இறங்கி, செவரினின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும்... கஷ்டமே... இல்ல மேடம். அடுத்த வருஷமும்... இங்கதான்" என்றான்.

பிறகு ஊற்றடிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், காலிப் பாட்டிலை நீட்டினான். கழுத்து வரை நிரப்பிக் கொடுத்தேன். அவன் பின்னால் வரிசை சரிவு வரைக்கும் நின்றது. ஒவ்வொருவரும் குனிந்து என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுத்தார்கள்.