குருவம்மாளின் கைநாட்டு

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. கைக்குத் துணி போதவில்லை. ஊர்க்காவலன் தன் வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. சொந்தபந்தம் வருவதற்குள் சர்க்கார் வந்துவிட்டது. அவன் பெண்சாதி குருவம்மாள் உயிரோடு இருந்த நாற்பது வருஷத்தில் ஒரு சைக்கிள் உத்தியோகஸ்தன்கூட இந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

சொந்தபந்தம் வராது என்பதும் அவனுக்குத் தெரியும். வாந்திபேதிச் சாவுக்கு வெளியூர்ச் சனம் எட்டிப் பார்க்காது. கொட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியதற்கு, ஒருவனுக்குக் கைவலி, இன்னொருவனுக்கு மாமியார் ஊரில் விசேஷம் என்று பதில் வந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்குப் போக ஆரம்பித்தது. கோழி கூப்பிடும்போது எல்லாம் முடிந்துவிட்டது. மகள் சின்னத்தாய்தான் விடிய விடிய அள்ளிக் கொட்டினாள், துடைத்தாள், உப்புப் போட்ட கஞ்சியை ஊட்டி ஊட்டிப் பார்த்தாள். இப்போது சாம்பலால் தேய்த்துக் கழுவிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது பதினேழு.

ஊர்க்காவலன் குருவம்மாளின் கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடித்துத் துணியைச் சுற்றினான். இரண்டும் வழுவழுவென்று நழுவின. பன்னிரண்டு வருஷமாகத் தீப்பெட்டி டிப்போவில் கட்டை அடுக்கிய விரல்கள். தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் வரிப்பள்ளத்தில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பொருத்துகிற வேலை அது. தள்ளித் தள்ளி ரேகை எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. வீட்டுமனைப் பத்திரத்துக்குச் சாத்தூர் போனபோது, பதிவு ஆபீஸ் குமாஸ்தா மூன்று தரம் உருட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மை கொட்டுன மாதிரியில்ல இருக்கு" என்று எரிந்து விழுந்தான். வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "சர்க்காருக்கு என்னய அடையாளமே தெரியாதாம்ல" என்றாள்.

ஜீப்பிலிருந்து ஹெல்த் ஆபீஸர் இறங்கினார். மெலிந்த ஆள், தூக்கம் இல்லாத முகம். கூடவே பஞ்சாயத்துத் தலைவர் ஒச்சப்பன். டிப்போவை நடத்துவதும் அவர்தான். இந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் கட்டை அடுக்கினார்கள். ஊர்க்காவலனுக்கும் அங்கேதான் கூலி. அவர் வாசலுக்கு வராமல் ஜீப்பை ஒட்டியே நின்றுகொண்டு, துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் அது. எங்கோ கிழக்குத் தீவுகளில் கிளம்பிய புது மாதிரி வாந்திபேதி நாடு நாடாகத் தாண்டி, மெட்ராசுக்கு வந்து, ரயில் ஏறித் தெற்கே இறங்கியிருந்தது. பஞ்சாயத்து ரேடியோவில் தினமும் சொன்னார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸர் ஒரு நீள நோட்டைப் பிரித்தார். "குருவம்மாள். புருஷன் பேர் ஊர்க்காவலன். நீதானா? ஊசி போட்டும் இப்படி ஆயிருக்கு. ஆயிரத்துல ஒண்ணு அப்படி ஆகிறதுதான். வெளியில எங்கேயும் சாப்பிட்டாங்களா?"

"அவளுக்கு யாரும் ஊசி போடலைங்க."

"போட்டிருக்கேப்பா. ஜூலை நாலாம் தேதி. கைநாட்டு இருக்கு பாரு."

ஊர்க்காவலன் எட்டிப் பார்த்தான். எழுத்து தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கைநாட்டு இருந்தது.

ஆனி மாதத்தில் ஒருத்தர் தோல்பையோடு வந்தது உண்மை. பெரிய தெருவில் போட்டார். மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று இந்தத் தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளை வரவே இல்லை. "போயித் தலைவரக் கேட்டுட்டு வாங்க, நம்ம தெருவுக்கு எப்ப வருவாகன்னு" என்று குருவம்மாள் இரண்டு தரம் சொன்னாள். பெரிய மனிதரிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று ஊர்க்காவலனுக்குக் கூச்சம். இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக் கழித்தான். அந்தக் கூச்சம்தான் அவளைக் கொன்றது என்று அவனுக்கு இப்போது பட்டது.

"எங்க தெருவுல ஒருத்தருக்கும் போடல சார்."

"நூத்திப்பதினெட்டுப் பேர், பாக்கி இல்லைன்னு எழுதியிருக்கு. நீ ஒருத்தன் இல்லைன்னா நான் எதை நம்புறது?"

"சரி, இனிமேப்பட்டு மருந்து வருமா? எம் மக ராத்திரி பூரா அவ ஆத்தா பக்கத்துல கெடந்தா. கிழக்கு வீட்டுலயும் ஒருத்தருக்குக் காலையில இருந்து போகுது."

ஆபீஸர் நோட்டை மூடினார். "இருக்கிற மருந்தெல்லாம் இருக்கன்குடி ரோட்டுக்குப் போகுதுப்பா. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயில்ல சனம் அலைமோதும். முடிஞ்சுபோச்சுன்னு கணக்கு வந்த ஊருக்கு இன்னொரு தரம் மருந்து எடுக்க எனக்கு வழி இல்லை. நீங்க பத்து மணிக்குள்ள எடுத்துருங்க. குழியில சுண்ணாம்பு போடச் சொல்லியிருக்கேன்."

ஊர்க்காவலனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாள் பொய் என்று ஆகாதவரை சின்னத்தாய்க்கு ஊசி கிடையாது. தாளின்படி அவளுக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குருவம்மாளின் தங்கை தங்கத்தாய் முன்னால் இருந்தாள். மூன்று பிள்ளைக்காரி.

"தங்கத்தாயி, ஒனக்கு ஊசி போட்டாகளா? சாரிட்ட சொல்லு."

தங்கத்தாய் நிமிர்ந்தாள். அவள் பார்வை ஆபீஸரைத் தாண்டி ஜீப்புக்குப் போய், அங்கே நின்றவர் மேல் பட்டுத் திரும்பியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஞாவகமில்ல மச்சான்."

மற்றப் பெண்கள் விரித்த தலைமுடிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"ஏலே ஊர்க்காவலா, பேச்ச வளக்காத" என்றார் ஒச்சப்பன். "சீசன் நேரம். ஆர்டரு குமிஞ்சு கெடக்கு. வாந்திபேதி, ஊசி போடலன்னு ஊரக் கெளப்பிவிட்டேன்னா டிப்போவப் பூட்டிருவாக. அம்புட்டுப் பேரு வயித்துலயும் அடிக்காத. தூக்குற வழியப் பாரு."

ஊர்க்காவலனுக்குத் தங்கத்தாய் மேல் கோபம் வரவில்லை. நேற்றைக்கு அவனைக் கேட்டிருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். வாரக்கூலியில் அடுப்பெரிகிற வீட்டில் ஞாபகம் வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. இந்தத் தெருவில் டிப்போ வேலை போகுமே என்று பயப்படத் தேவையில்லாத பெண் இப்போதைக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளும் பத்து மணிக்குள் போய்விடுவாள்.

அவன் உள்ளே போய்ச் சடலத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கைக்கட்டை அவிழ்த்தான்.

"என்ன மச்சான் இது, கட்டுனத அவுக்கலாமா?" என்று தங்கத்தாய் எழுந்து வந்தாள்.

"அவ கோவிச்சுக்கிட மாட்டா" என்றான். பிறகு வாசல் பக்கம் திரும்பினான். "சார், ஒங்க மைப்பெட்டிய இங்கன கொண்டாங்க. ஒரு வெள்ளத்தாளும்."

ஆபீஸர் தயங்கினார். ஒச்சப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆபீஸர் மைப்பெட்டியோடு குனிந்து வாசல்படி தாண்டி உள்ளே வந்தார். ஊர்க்காவலன் குருவம்மாளின் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் ஒற்றினான். விரல் சில்லென்றிருந்தது. மடங்க மறுத்தது. "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள" என்று தன்னையறியாமல் சொன்னான். தாளில் வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக உருட்டினான். அதன் பிறகு இடது விரல்.

தாளில் இரண்டு ஊதாத் திட்டுகள் விழுந்தன. ஒன்றிலும் ஒரு கோடுகூட இல்லை.

ஆபீஸர் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் குருவம்மாள் பெயருக்கு நேரே இருந்த கைநாட்டில் ரேகைகள் சுழி சுழியாகத் தெளிவாக ஓடின. நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அவர் விரலை ஓட்டிக்கொண்டே கீழே போனார். தங்கத்தாய்க்கு நேரே அதே தழும்பு. சின்னத்தாய்க்கு நேரே அதே தழும்பு. பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். ஒரே விரல் நூற்றுப்பதினெட்டுப் பேருக்கும் உழைத்திருந்தது.

"கடேசியில கோடு இழுத்தாப்புல இருக்கே, அது யாரு கையெழுத்து சார்?"

"என்னோடது."

"பாத்துப் போட்டீகளா?"

அடுப்படியில் ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. ஆபீஸர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது, வசதியும் இருந்தது.

"இல்லை" என்றார். "நாப்பது ஊரு நோட்டு ஒரே நாள்ல வந்துச்சு. பாக்கலை."

வெளியே வந்து ஜீப்பின் மூக்கில் தாளை வைத்து மடமடவென்று எழுதினார். டிரைவரிடம் கொடுத்து, இருக்கன்குடி ரோட்டு முகாமில் இருநூறு பேருக்கு மருந்து வாங்கி வரச் சொன்னார். கேள்வி கேட்டால் இதையும் காட்டு என்று குருவம்மாள் உருட்டிய தாளைக் கூட வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அதை மட்டும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க எடுங்கப்பா. மருந்து வந்ததும் நான் போடுறேன்."

"மருந்து வரட்டும் சார். அவ இங்கன இருக்கிற வரைக்கும்தான நீங்களும் இருப்பீக."

ஆபீஸர் கவிழ்த்திருந்த உரல்மேல் உட்கார்ந்தார். ஒச்சப்பன் மட்டும் ஊர்க்காவலன் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், "திங்கக்கிழமைக்கு மேல ஒனக்கும் ஒம் மகளுக்கும் என்ன வேலைன்னு பாப்பம்" என்றார்.

"பாப்பம் மொதலாளி" என்றான் ஊர்க்காவலன். காலையில் இருந்ததைவிட அவன் குரல் சாதாரணமாக இருந்தது. ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஊருக்குள் போனார். அவர் தலை மறைந்ததும் தங்கத்தாய் தன் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வர ஓடினாள்.

ஜீப் திரும்பி வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. பெட்டி பெட்டியாக மருந்து இறங்கியது. ஊசியை வெந்நீரில் கொதிக்கப் போட அடுப்பு வேண்டும் என்றார் ஆபீஸர். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட முடியாது. எதிர்வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கிழக்கு வீட்டு நோயாளியைப் பார்த்து, ஜீப்பில் ஏற்றிச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு புது நோட்டை எடுத்தார்.

"முதல்ல கைநாட்டு வைங்கம்மா, பேர் எழுதிக்கிறேன்" என்றார் பழக்கதோஷத்தில்.

"குத்துன பொறவு உருட்டுறோம்ங்க" என்றாள் தங்கத்தாய்.

ஆபீஸர் மைப்பெட்டியை மூடித் தள்ளி வைத்தார். சின்னத்தாய் முதலில் போனாள். ஊசி ஏறும்போது அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. உள்ளே படுத்திருந்த ஆத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காவலனுக்கு அவள் கையில் பஞ்சு வைத்து அழுத்துவதைப் பார்த்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவரை வராததற்கும் சேர்த்து வந்தது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான். அவன் அழுது முடிக்கும் முன்னாலேயே வாசல் வரை வரிசை நீண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டு, ரேகை இல்லாத கட்டைவிரலை உருட்டிவிட்டுப் போய் மறுபடியும் சாவுக்கு உட்கார்ந்தார்கள். விட்ட இடத்திலிருந்து அழுகை தொடர்ந்தது.

ஆண்கள் முறை வந்தபோது ஒரு சிக்கல். நோய்க்குப் பயப்படாமல் பாடை தூக்க இருந்ததே நாலு பேர்தான். தங்கத்தாயின் புருஷன் செல்லச்சாமி பின்வாங்கினான்.

"இந்த ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கையத் தூக்க முடியாதாம்ல சார். தூக்கிப் போட்டுட்டு வந்து போட்டுக்கிடுறோம்."

ஆபீஸர் யோசித்தார். "நீ எந்தத் தோள்ல தூக்குவே?"

"வலது தோளு."

"அப்ப இடது கையைக் காட்டு."

அடுத்தவன் பாடையின் மறுபக்கம். இடது தோளில் தாங்குகிறவன். அவனுக்கு வலது கையில் போட்டார். மூன்றாமவனையும் கேட்டார். நாலாவதாக ஊர்க்காவலன் வந்து நின்றான்.

"நீ எந்தத் தோள்ல தூக்குறே?"

ஊர்க்காவலன் வாயைத் திறந்தான். ஒரு தோளைப் பார்த்தான். மறு தோளைப் பார்த்தான். ஆபீஸர் ஊசியை மேல்நோக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

சின்னத்தாய் எழுந்து வந்து அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டாள்.

"ஐயா தலைமாட்டுப் பக்கம் தூக்குவாக" என்றாள். "வலது தோளு."

ஆபீஸர் அவனைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.