ஒரே மூச்சில் ஒரு திட்டு

காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரரை ஒரே மூச்சில் திட்டுவது என் வழக்கம். டாக்டர் சொன்னதுதான். என்ன, அவர் எண்ணச் சொன்னார். மூச்சை நன்றாக இழுத்து, இடையில் மறுபடி இழுக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு தீர்ந்துபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சும்மா எண்ணுவதற்கு நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? அந்த மூச்சை உருப்படியான காரியத்துக்குச் செலவழித்தேன்.

எனக்கு மையஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்வதைத் தசை கேட்காத நோய். காலையில் ஒழுங்காக இருக்கும் கண்ணிமை, சாயங்காலம் கடையின் ஷட்டர் மாதிரி பாதி இறங்கிவிடும். நாங்கள் சலவைக் கடை வைத்திருக்கிறோம். ஹோட்டல்களின் வெள்ளை விரிப்புகள்தான் பிழைப்பு. சூடு எனக்கு ஆகாது என்பதால் இஸ்திரி அவருக்கு, மடிப்பு எனக்கு.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் “தொண்டை வலி” என்று மட்டும் சொல்லி அவர் ஆன்டிபயாடிக் வாங்கி வந்தார். நானும் விழுங்கி வைத்தேன். போதாததற்குக் கடையின் ஃபேனும் கெட்டு, உள்ளே அடுப்பாகக் கொதித்தது. ஃபேனைச் சரிபார்க்காததற்கு அன்று சாயங்காலம் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

மறுநாள் காலையில் திட்டே வரவில்லை. இரண்டு வார்த்தை மூக்கால் வந்தது, அப்புறம் வெறும் காற்று. காய்ச்சல் அசதி என்று நினைத்தேன். அவரோ நான் முறைத்துக்கொண்டிருப்பதாக முடிவு கட்டிவிட்டார்.

“இன்னும் கோவம் போகலையா?” என்றார். கையை ஆட்டினேன். “சரி சரி, போறேன்” என்று விசிலடித்துக்கொண்டே மெஷின் பக்கம் போனார். புருஷனுக்குக் கிடைத்த நிம்மதியைப் பாருங்கள்.

மதியம் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. தலை நிற்கவில்லை, தாடையைக் கையால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். மூச்சு மேலோடு மேலாக ஓடியது. கூப்பிடக் குரலில்லை. செத்துப்போவேன் என்று பயந்தேன்.

அப்போதுதான் அவர் மெஷினைத் திறந்தார். விரிப்புகளோடு ஒரு சிவப்புத் திரைச்சீலை கலந்து, அத்தனையும் ரோஸ் கலர்! ஒன்றைக் கையில் ஏந்தி, பலியாடு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“திட்டிடு” என்றார்.

நான் பார்த்தேன். கண்ணீர் மட்டும் இறங்கியது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “இதுக்குக்கூடத் திட்டலைன்னா... ஐயோ, உனக்கு முடியலையா!”

ரோஸ் விரிப்பிலேயே என்னைச் சுருட்டித் தூக்கி, துணி ஏற்றும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். மெஷின் எனக்காக மூச்சு விட்டது. ஒரு மூச்சை இழுக்க நெஞ்சுக்குள் இத்தனை வேலை நடக்கிறதா! பிறந்ததிலிருந்து ஓசியிலேயே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் அவரிடம் சொல்வது காதில் விழுந்தது. “காய்ச்சல் ஒண்ணே போதும், இந்த நோயைக் கிளப்பிவிட. சில ஆன்டிபயாடிக்கும் இவங்களுக்கு ஆகாது, நீங்க வாங்கினது அதுல ஒண்ணு. சூடு வேற. இனிமே எங்க மருந்து வாங்கினாலும் முதல்ல நோயோட பேரைச் சொல்லுங்க.”

நரம்பின் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் வாசலை, என் ரத்தத்தில் திரியும் காவல்காரர்களே எதிரியென்று நினைத்து அடைத்துவிட்டார்களாம். அவர்களை வடிகட்ட இன்னொரு மெஷின் வந்தது. நர்ஸ் என் இமையை விரலால் தூக்கிக் காட்டினார். ரத்தம் வெளியே போய், மஞ்சள் நீரைக் கழித்துவிட்டு, சுத்தமாகத் திரும்பி வந்தது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்தவள் நான்; என் ரத்தத்தையே வெளுக்கிறார்களே! வாயைப் பிளந்து பார்த்திருப்பேன், குழாய் ஏற்கெனவே பிளந்துதான் வைத்திருந்தது.

நான்கைந்து தடவை வெளுத்த பிறகு, ஒரு காலையில் யாரும் தூக்காமலே என் இமை தூக்கிக்கொண்டது. சூரியன் உதிப்பதைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

குழாயை எடுத்த மறுநாள் டாக்டர், “ஒரே மூச்சுல எண்ணுங்க பாப்போம்” என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார், தாடியும் வீங்கிய கண்ணுமாக. மூச்சை இழுத்தேன்.

“கண்ணு என்ன பின்னாடியா இருக்கு, வெள்ளைத் துணியில சிவப்பைப் போட்டுட்டு வந்து நிக்கிற...”

அவ்வளவுதான் வந்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“போதும்மா” என்றார். “மீதியை நாளைக்குத் திட்டு.”