மலேயாவில் காலமான மாமி

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியபோது, அதிகாரிகளின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. எங்கள் வீட்டுக்குள் கதிரைகள் குடியேறியதில் நாங்கள் முற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு இரத்தினசிங்கம் மட்டும் ஒரு படத்தோடு வந்தார்.

கல்லில் வரைந்து, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்த கறுப்புப் படம். ஐரோப்பாவில் புதுமோஸ்தர் ஓவியன் எவனோ நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்ததாம். ஒரு பெண் கன்னத்தில் கைவைத்திருந்தாள். கையா அது? கப்பலையே கட்டலாம். மூக்கு வடக்கே உப்புவெளிப் பக்கம் போக, வாய் தெற்கே கிண்ணியாவுக்குப் புறப்பட்டிருந்தது. கண்கள் இரண்டும் பாழுங்கிணறு. அதைப் பார்த்த எங்கள் பூனை மீனை விட்டு விரதம் பிடித்தது.

இரத்தினசிங்கத்துக்கோ அதன்மேல் உயிர். நடுச்சுவரில் மாட்டிவிட்டார்.

"பொம்பிளை பாக்க வருகினம். அந்த மூதேவியைக் கழட்டுங்கோ," என்றா அவர் மனைவி நல்லம்மா. மகளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

"இது கலையப்பா."

"கலையை அறைக்குள்ள வையுங்கோ!"

அவர் வைக்கவில்லை.

திரியாயிலிருந்து மாப்பிள்ளையின் தாய் தெய்வானையும் தாய்மாமன் சின்னராசாவும் வந்தார்கள். ஒரு பலத்துக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். உள்ளே வந்த சின்னராசா படத்தைக் கண்டதும் கைகூப்பிக் கண்ணை மூடினார். எங்கள் ஊரில் நடுச்சுவரில் ஒருவர் தனியாகச் சட்டத்துக்குள் இருந்தால் அவர் செத்தவர். அதில் யாருக்கும் ஐயமில்லை.

"எப்ப தவறினவ?"

"ஐயோ, தவறேல்ல. ஆரெண்டே எனக்குத் தெரியாது," என்றார் நேர்மையான இரத்தினசிங்கம்.

சின்னராசா கண்ணைத் திறந்து இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "முகம் ஏன் இப்பிடி இழுத்துக் கிடக்கு? பரம்பரை நோய் வருத்தமோ? அதுதான் தெரியாதெண்டு மறைக்கிறியளோ?"

தேநீர்க் கோப்பை மேசைக்குத் திரும்பியது. தெய்வானை எழும்பிவிட்டார்.

குசினி வாசலிலிருந்து நல்லம்மா பாய்ந்து வந்தா. "அது இவரின்ர மாமி, தகப்பன்ர தங்கச்சி. மலேயாவில காலமானவ. புருசன் செத்த கவலையில முகம் அப்பிடிப் போட்டுது. இவருக்கு அவவைப் பற்றிக் கதைக்க ஏலாது, அழுதுபோடுவார்."

இரத்தினசிங்கம் உண்மையாகவே அழும் நிலையில்தான் இருந்தார்.

தெய்வானை படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். "என்ர மனிசனைக் கடல் கொண்டுபோன அண்டைக்கு எனக்கும் இந்த முகம்தான். கண்ணாடியில தெரியேல்ல. உள்ளுக்க கிடந்தது." பிறகு திரும்பி, "பிள்ளையைக் கூப்பிடுங்கோ," என்றார்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. தெய்வானை கேட்டது ஒன்றே ஒன்று: மாமியின் திவசம் தவறக்கூடாது, தானும் வருவார். பெயர் பொன்னுத்தாய், திதி பங்குனித் தேய்பிறை ஏகாதசி என்று நல்லம்மாவே ஐயருக்குச் சொன்னா. வருடா வருடம் படையல் நடக்கிறது. என் வீட்டுக்கும் வடை வரும் என்பதால் நான் வாய் திறப்பதில்லை.

போன பங்குனியில் தெய்வானை கேட்டார்: "மாமி நல்ல மனிசியோ?"

பாயசம் கிண்டிக்கொண்டிருந்த நல்லம்மா அகப்பையை வைத்தா. "சும்மா இருங்கோ சம்பந்தி! மலேயாவில இருந்துகொண்டே என்னை என்ன பாடு படுத்தினவ! எத்தினை கடிதம் எழுதினவ, ஒண்டிலயாவது நல்லம்மா சுகமோ எண்டு கேட்டவவே?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இரத்தினசிங்கம் குசினிக்குப் போய், மாமி சார்பில் மன்னிப்புக் கேட்டார்.